போக்கர் அறைக்கு மேலே ஒரு அறை

எங்கள் வீட்டில் சீட்டாடுவது என் மனைவி. இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவில் நர்ஸ். நான் திருச்சிக்காரன், மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. ஆக்லாந்துக்கு வந்த பிறகுதான் சந்தித்துக்கொண்டோம். கல்யாணமாகிப் பதினாறு வருடம். இரண்டு பிள்ளைகள். நகரத்துக்குத் தெற்கே தள்ளி, தகனினியில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்கும் ஒரு தெருவில் இருக்கிறோம்.

அவளுக்குப் போக்கர் பழக்கிவிட்டது வார்டில் உடன் வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். பாப்பகுராவில் ஒரு பப்பின் பின்னறையில் புதன்கிழமை சாயங்காலங்களில் ஆட்டம். பணம் கிடையாது, புள்ளிகள்தான். முதல் நாள் வேண்டா வெறுப்பாகப் போனவள், வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. ரெண்டு மணித்தியாலம் நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்ல." அது ஆட்டத்தைப் பற்றிய பாராட்டு என்று புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

எனக்குச் சீட்டு என்றால் பயம். எங்கள் வீட்டில் யாரும் ஆடித் தோற்றதில்லை. ஆனால் ஊர்ப் பத்திரிகையில் வாரத்துக்கு ஒருமுறை 'பணம் வைத்துச் சூதாடிய ஆறு பேர் கைது' என்று ஒரு செய்தி வரும். பெரும்பாலும் ஆறு பேர்தான், எப்போதாவது ஏழு. அந்த ஆறு பேரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போலீஸ் ஜீப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் படம் என் மண்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. புதன்கிழமை அவள் போன் செய்தால், மருமகள் டியூட்டியில் இருக்கிறாள்.

போன வருடம் அந்தப் பப் ஆட்டத்தில் என் மனைவி முதலாவதாக வந்தாள். பரிசு, நகரத்தில் அந்த நெடிய சுற்றுலாக் கோபுரத்தடியில் இருக்கும் கேசினோவில் நடக்கிற மூன்று நாள் போட்டிக்கு ஒரு இடம். உறையை ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிட்டு, "லீவு எழுதிக் குடுத்திட்டன்," என்றாள். கேட்கவில்லை, தெரிவித்தாள்.

"வெள்ளிக்கிழமை காலையில இங்கிருந்து மோட்டர்வேல போனா என்ன ஆகும் தெரியுமா? அங்கயே ரூம் போட்டுடலாம். நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அவள் என்னை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தாள். "நீங்கள் பாக்கிறியளோ? சரி, பாருங்கோ."

நான் ஏன் அவ்வளவு ஆசையாக அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு அலுவலகத்தில் எங்கள் பிரிவை மறுசீரமைக்கப்போவதாக ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. பதினொரு பேரில் நான்கு பேர் மிஞ்சுவார்கள். யார் அந்த நான்கு என்பது 'கலந்தாலோசனை'க்குப் பிறகு தெரியும். அதுவரை புதிய வேலை எதுவும் வராது. வேலைக்குப் போகிறோம், உட்கார்ந்திருக்கிறோம், ஒருவரையொருவர் காபிக்கு அழைக்கிறோம். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவெடுக்கவில்லை. முதல் நாள் வாய் வரவில்லை. மறுநாள் சொல்லப்போனால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் கூடச் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி ஒரு சுற்றுப் பெருத்தது.

இயல்பிலேயே எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. போன் பேசினால் நடப்பேன், பல் தேய்த்தால் நடப்பேன். இப்போது செய்வதற்கு எதுவும் இல்லாமல் எட்டு மணி நேரம் நாற்காலியில் வைத்தால் என்ன ஆவேன்? ஹோட்டல் தேடினேன். ஒரு அட்டவணை போட்டேன். காலை உணவு, நீச்சல் குளம், ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா தெரியாதா, கார் நிறுத்தம், தலையணையின் வகை. இரண்டு நாளில் பதினெட்டு இடங்கள். அவற்றில் பாதி கேசினோவுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

அட்டவணையை அவளிடம் காட்டினேன். அவள் இரவு டியூட்டி முடித்துவிட்டு வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இதில போக்கர் அறை எங்க?"

"அது கேசினோல இருக்கும்ல?"

"இருக்கும். எப்பிடி இருக்கும்? எத்தினை மேசை? மெஷின் சத்தம் கேக்குமோ? கதிரை எப்பிடி? வெளிச்சம் கண்ணுக்கு மேல அடிக்குமோ? பசிச்சா மேசையடிக்குச் சாப்பாடு வருமோ, எழும்பிப் போகோணுமோ? எனக்குக் குளம் வேண்டாமப்பா. நான் நீந்தவோ போறன்?"

நான் குறித்துக்கொண்டேன். மறுநாள் பதினோரு மணிக்கு, அலுவலகத்தில் யாரும் யாரையும் தேடாத நேரத்தில், கேசினோவுக்கு நடந்தே போனேன். என் அலுவலகம் குயின் தெருவின் கீழ்முனையில். மேடேறினால் பத்து நிமிடம்.

உள்ளே போனதும் முதலில் காசு போட்டுச் சூதாடும் மெஷின் கூடம். பகல் பதினோரு மணிக்கு அங்கே பகல் என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. அதைத் தாண்டி, ஒரு தாழ்ந்த தடுப்புக்கு அப்பால் போக்கர் மேசைகள். மூன்று மேசைகளில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் தடுப்பருகே நின்று, குரலைத் தாழ்த்தி மனைவிக்குப் போன் செய்தேன்.

"எட்டு மேசை இருக்கு. ஓரமா ரெண்டு மூடி வச்சிருக்காங்க. சத்தம் கேக்குது, ஆனா தூரத்துல மழை பெய்யற மாதிரிதான். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கு. கை வைக்கறதுக்கு..."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்ட ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். சீட்டு போடுகிற டீலர், வேலை தொடங்குவதற்காகக் காத்து நின்றிருக்கிறார்.

"அண்ணே, நாக்காலிய பார்த்தா எப்படி தெரியும் லா? உட்கார்ந்து பார்க்கணும்," என்றார். மலேசியத் தமிழ். ஈப்போ பக்கம் என்று பிறகு சொன்னார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆடப்போவது நானல்ல, மனைவி என்றதும் அவருடைய முகமே மாறியது.

"அக்கா ஆடுறாங்களா! நல்லது லா. அப்போ நான் சொல்றத கேளுங்க. போட்டியில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவதான் பிரேக். கால் மணி நேரம். அதுக்குள்ள டாய்லெட் போகணும், தண்ணி குடிக்கணும், கொஞ்சம் கண்ண மூடணும். பெரிய ஹோட்டல், சின்ன ஹோட்டல்லாம் பார்க்காதீங்க. மேசையிலேர்ந்து கட்டிலுக்கு எத்தன நிமிஷம்? அத பாருங்க. லிஃப்ட்டுல கூட்டம் இருந்தா கூட எத்தன நிமிஷம்? அதான் கணக்கு."

அவர் போய்விட்டார். எனக்கோ கடைசியில் ஒரு உருப்படியான வேலை கிடைத்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க நான் நேரம் பார்த்தேன். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, தடுப்பிலிருந்து கேசினோவின் மேல்மாடி ஹோட்டலுக்கு, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டாவது ஹோட்டலுக்கு, துறைமுகத்தை நோக்கிச் சரிவில் இருந்த மூன்றாவதற்கு. மேல்மாடிக்கு லிஃப்ட் கதவு திறக்கும்வரை நான்கு நிமிடம், மதிய நேரத்தில் ஐந்தரை. எதிர்ப் பக்கத்துக்கு ஏழு. துறைமுகத்தருகே இருந்ததற்குப் போகும்போது ஆறு, மேடேறி வரும்போது ஒன்பது. அங்கேதான் கடல் தெரிகிற ஜன்னல் இருந்தது. மூன்றாவது நாள் ஒரு காவலாளி, தோள்கள் கதவளவு அகலம், மிகப் பணிவாக என்னிடம் வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். லிஃப்டுக்கு நேரம் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மேல்மாடி ஹோட்டலில் மூன்று இரவுக்குப் பதிவு செய்தேன். லிஃப்டுக்கு மிக அருகிலும் வேண்டாம், மிகத் தொலைவிலும் வேண்டாம் என்று எழுதினேன். நிமிடக் கணக்கையெல்லாம் அவளிடம் சொன்னபோது, "நல்லம்," என்றாள். பிறகு, "நீங்களும் வாறியளோ?" என்றாள்.

"வராம?"

வியாழக்கிழமை சாயங்காலமே பிள்ளைகளை மவுண்ட் ரோஸ்கிலில் இருக்கும் அவளுடைய தங்கை வீட்டில் விட்டோம். தங்கையிடம், சும்மா ஒரு மாறுதலுக்கு ஹோட்டலில் தங்கப்போகிறோம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். என் மகள் காதிலிருந்து எதையோ கழற்றிவிட்டு, "மம்'ஸ் இன் அ போக்கர் டோர்னமென்ட், டாட். எவ்ரிபடி நோஸ்," என்றாள். அவளுக்குப் பதினான்கு வயது.

வெள்ளிக்கிழமை நண்பகல் போட்டி ஆரம்பித்தது. எல்லா மேசைகளும் நிரம்பி, கூடுதலாகவும் போட்டிருந்தார்கள். என் மனைவி சாம்பல் நிறக் கார்டிகன் போட்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஏழாம் எண் இருக்கையில் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் தொப்பி போட்ட ஒரு பையன், அந்தப் பக்கம் ஒரு சமோவப் பெரியவர், எதிரே காது வரை மப்ளர் சுற்றிய ஒரு சீன அம்மாள். பந்தயம் வைக்கிற வட்டச் சில்லுகளை நான்கு கோபுரமாக அடுக்கினாள். அடுக்கியதும் அசைவு நின்றுவிட்டது.

அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அவள் கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. இங்கே சீட்டின் மூலையைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பாள், விடுவாள். வேண்டாம் என்றால் முன்னே தள்ளுவாள். மறுபடி அதே கற்சிலை. தள்ளித் தள்ளி, ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவைதான் ஆடினாள். இரண்டும் ஜெயித்தாள்.

நான் தடுப்பருகே நின்றேன். பிறகு தூணருகே. பிறகு மறுபடி தடுப்பருகே. தண்ணீர் வாங்கினேன். அவள் சில்லைத் தொடும்போதெல்லாம் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடினேன். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் போனை எடுத்து அலுவலக மின்னஞ்சலைப் பார்த்தேன். முடிவு அன்றைக்கு வருவதாக இருந்தது.

இரண்டு மணிக்கு முதல் பிரேக். அவள் நேராக என்னிடம் வந்தாள். லிஃப்ட் பக்கம் போகலாம் என்று நான் திரும்பினேன். அவள் அசையவில்லை.

"இஞ்சருங்கோ. குறை நினையாதேங்கோ. நீங்கள் அங்க நிக்கேக்கை எனக்கு ஏலாமல் கிடக்கு."

"நான் என்ன பண்ணேன்? பேசக்கூட இல்லையே!"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்ல. நான்தான். நல்ல சீட்டு வந்தா உங்களைப் பாக்கிறன். எனக்கே தெரியேல்ல. அந்த மப்ளர் கட்டின மனிசி கண்டுபிடிச்சிட்டா. நான் உங்களைப் பாத்த உடனே அவ சில்லு வைக்காமல் சீட்டைப் போட்டிட்டா. ரெண்டு தரம்."

பதினாறு வருடத்தில் என் மனைவி என்னிடம் சொன்னதிலேயே இனிமையான விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அப்போது அப்படிப் படவில்லை. துரத்தப்பட்டதாகத்தான் பட்டது.

"எங்க போகச் சொல்ற?"

"எங்கயாவது நடந்திட்டு வாங்கோவன். உங்களுக்கு நடக்கப் பிடிக்கும்தானே."

நடந்தேன். துறைமுகம் வரை இறங்கி, படகுகளைப் பார்த்து, படகுகளில் பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றி, மறுபடி மேடேறி, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்தேன். தூறல் ஆரம்பித்தது. ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது மின்னஞ்சல் வந்தது. மூன்றரை மணி. முதல் வரியிலேயே என் பங்களிப்புக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை. ஆனாலும் கடைசிவரை படித்தேன், ஒரு எழுத்துப் பிழைகூட இருந்தது. என் வேலையே அதுதானே.

பயமாக இல்லை. கால்கள்தான் நிற்கவில்லை. எங்கே போகிறேன் என்று யோசிக்காமல் கேசினோ வாசலுக்கு வந்துவிட்டேன். நான்கு மணி பிரேக்கில் அவளிடம் சொல்லிவிடுவது. மூன்றே வார்த்தை. பிறகு அவள் ஆடப் போகட்டும். இல்லை, ஆட்டம் முடியும்வரை சொல்லக்கூடாது. இல்லை, சொல்லாமல் இருந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். இப்படியே மெஷின் கூடத்தைத் தாண்டிப் போய்த் தடுப்பருகே எட்டிப் பார்த்தேன்.

ஏழாம் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். தாடி வைத்த, சட்டையில் பூப்போட்ட ஒரு ஆள்.

மற்ற மேசைகளைப் பார்த்தேன். இல்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பெண்கள் கழிப்பறைக்கு எதிரே பத்து நிமிடம் நின்றேன். காப்பிக் கடையில் இல்லை, வாசலில் இல்லை. அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம். மெஷின் கூடத்துக்குள் போனேன். வரிசை வரிசையாக, பின்னாலிருந்து, ஒவ்வொரு பெண்ணின் முதுகையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். சாம்பல் நிறக் கார்டிகன். தோற்றுப்போயிருப்பாள், தோற்ற வேகத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருப்பாள், துண்டால் முகத்தை மூடின அந்த ஆறு பேர். ஒரு கார்டிகனின் தோளைத் தொட்டே விட்டேன். திரும்பிய முகம் ஒரு வயதான மாவோரி அம்மாளுடையது. மன்னிப்புக் கேட்டேன். "யூ ஆல் ரைட், லவ்?" என்று அவர் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

வரிசையின் முடிவில் அந்த ஈப்போ டீலர் எதிரே வந்தார், ஷிஃப்ட் முடிந்து போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணே! இங்க என்ன செய்றீங்க? அக்கா மூணு மணிக்கே அவுட் ஆயிட்டாங்களே."

"அவுட்டா? எங்க போனா? எப்படி இருந்தா?"

"எப்படி இருந்தாங்கன்னா? நல்லாத்தான் இருந்தாங்க. எழுந்து எல்லாருக்கும் கை கொடுத்தாங்க. எனக்கு நன்றி சொன்னாங்க. அழுவல. நிறைய பேர் சீட்ட தூக்கி வீசுவாங்க லா, இவங்க அடுக்கி வச்சிட்டு போனாங்க." என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "ரூம்புல பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. நகரத்தின் பாதியையும் மெஷின் கூடம் முழுவதையும் பார்த்தவன், நான்கு நிமிடத் தூரத்தில் நானே தேர்ந்தெடுத்த அறையைப் பார்க்கவில்லை.

கதவின் கைப்பிடியில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற அட்டை தொங்கியது. சாவி அட்டையைப் போட்டுத் திறந்தேன். திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. குளியலறையிலிருந்து வெந்நீரும் சோப்பும் கலந்த ஈர மணம். கட்டிலின் நட்ட நடுவில், குறுக்காக, வெள்ளைக் குளியல் அங்கியோடு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. போன் மேசையில் குப்புறக் கிடந்தது.

நிம்மதி வர வேண்டும் அல்லவா? கோபம்தான் வந்தது. கதவை வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகச் சாத்தினேன்.

கண்ணைத் திறந்தாள். "வந்திட்டியளோ? நேரமென்ன?"

"அஞ்சு. ஏன் போன் எடுக்கல? எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?"

"நித்திரை கொண்டிட்டன்." எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டாள். "ரெண்டு கிங் வந்தது. இருந்த சில்லு முழுக்கத் தள்ளினன். அந்த மப்ளர் மனிசியிட்ட சோடி ஒண்டும் இல்லை, ஒரு ஏஸ் மட்டும். கடைசிச் சீட்டில அவவுக்கு இன்னொரு ஏஸ். அவ்வளவுதான்." அவள் முகத்தில் வருத்தம் தேடினேன். இருந்தது, ஆனால் சின்னதாக இருந்தது. "நான் பிழையா ஆடேல்ல. திரும்பவும் அந்தச் சீட்டு வந்தா திரும்பவும் தள்ளுவன்."

"அப்புறம் எனக்கு ஏன் சொல்லல?"

அங்கியின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மேல வந்தனா, கதவைப் பூட்டினனா. அறையில ஒருத்தரும் இல்லை. வார்ட் இல்லை, பிள்ளையள் இல்லை, நீங்களும் இல்லை. குளிச்சன். உங்களுக்கு போன் எடுத்தா நீங்கள் வந்திடுவியள். அதுதான் எடுக்கேல்ல. உள்ளதைச் சொல்லுறன்."

நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். நான்கு எட்டில் ஒரு சுவர், நான்கு எட்டில் இன்னொன்று.

"என் வேலை போச்சு," என்றேன்.

அவள் கால்களை மடக்கிக் கட்டிலின் ஓரத்தில் எனக்கு இடம் விட்டாள். நான் உட்காரவில்லை.

"இண்டைக்கோ சொன்னவை?"

நான் நின்றுவிட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"என்னெண்டு தெரியாது. ஏதோ கரைச்சல் எண்டு தெரியும். வேலை இருக்கிற மனிசன் பகல் பதினொரு மணிக்கு லிஃப்டுக்கு ஏன் நேரம் பாக்கிறார்? பதினெட்டு ஹோட்டல், தலைகாணி என்ன சாதி எண்டெல்லாம் எழுதி வச்சிருந்தியள். உங்களுக்கு வருத்தமோ, நோயோ, வேற ஏதுமோ எண்டு முதல்ல பயந்தனான். பிறகு, உங்கட அலுவலகம் எண்டு விளங்கிட்டு."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லை எண்டு சொல்லுவியள். ஒருக்கா இல்லை எண்டு சொல்லிட்டா பிறகு உங்களால மாத்தேலாது. அதுதான் விட்டனான்." பிறகு, வார்டில் நோயாளிகளிடம் கேட்கிற அதே குரலில், "சாப்பிட்டியளோ?" என்றாள்.

சாப்பிடவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவள் போனை எடுத்து அறைக்கே சாப்பாடு சொன்னாள். அது வருவதற்குள் நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பதினொரு பேர், நான்கு பேர், முதல் நாள் வராத வாய். மெஷின் கூடத்தில் அவளைத் தேடியதையும் சொன்னேன். அதற்கு மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "என்னை அங்கயோ தேடினியள்?" என்றாள். இரண்டாவது தடவையும் அதையே கேட்டாள். சாப்பாடு வந்த பிறகும் தட்டைத் தொடவில்லை. அந்தக் கோபம் நியாயம் என்று எனக்குத் தெரியும். நான் பொரித்த மீனைத் தின்றேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. அறை இன்னும் ஓர் இரவுக்கு இருந்தது. போட்டி அவளுக்கு முடிந்துவிட்டது, வேலை எனக்கு முடிந்துவிட்டது. எனக்கு அந்த அறையில் மூச்சு முட்டியது. வீட்டுக்குப் போய்ப் புல்லாவது வெட்ட வேண்டும் போலிருந்தது.

"போகலாமா?" என்றேன்.

"நீங்கள் போங்கோ. நான் நாளைக்கு ட்ரெயின்ல வாறன்." கோபத்தில் சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டின் பப்பாளியைத் தின்றுகொண்டே சொன்னாள். "பின்னேரம் சின்ன ஆட்டம் ஒண்டு இருக்காம். அந்த மப்ளர் மனிசியும் இரவே அவுட்டாம், வரச் சொல்லி மெசேஜ் போட்டவ."

தனியாக விட்டுவிட்டுப் போவதா என்று அரை மணி நேரம் அறைக்குள் சுற்றினேன். பிறகு போனேன். மவுண்ட் ரோஸ்கிலில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள நின்றபோது மச்சினி வாசலுக்கு வந்தாள்.

"அக்கா எங்க அத்தான்?"

"ஹோட்டல்ல இருக்கா. நாளைக்கு வருவா."

"தனியவோ?"

"ஆமா, தனியாத்தான்."

ஏதாவது சண்டையா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டு, "குடுத்து வச்சவ," என்று சொல்லி, இரண்டு டப்பா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து கார் சீட்டில் வைத்தாள்.

அன்று புல் வெட்டினேன். கராஜைக் கூட்டினேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டைக் கழற்றிக் கழுவினேன். என் மகள் சோபாவிலிருந்து, "டாட், கேன் யூ ப்ளீஸ் சிட் டவுன்," என்றாள். உட்கார்ந்தேன். வேலை போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். அவள் திரையை அணைத்துவிட்டு, "டஸ் மம் நோ?" என்றாள். தெரியும் என்றேன். "ஓகே தென்," என்று என் தோளில் ஒரு கணம் தலையை வைத்தாள். பிறகு திரையைப் போட்டுக்கொண்டாள்.

பத்து வாரம் கழித்து ஒடாஹுஹு பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை. ஆனால் கிடங்கு மிகப் பெரியது, கணினிகள் மூலைக்கு ஒன்றாக இருக்கின்றன, நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து வாரங்களில் அவள் கூடுதல் ஷிஃப்ட் எடுத்தாள், புதன்கிழமைகளை மட்டும் விடவில்லை. விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த நாட்கள் உண்டு.

ஆனால் அந்த ஞாயிறு மதியம் தகனினி ஸ்டேஷனில் அவளை ஏற்றிக்கொண்டபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தலைமுடியைக் கட்டாமல் விட்டிருந்தாள். காரில் ஏறி பெல்ட்டைப் போடுவதற்கு முன்பே முந்தைய நாள் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்த மப்ளர் அம்மாள் எப்படி ஆசை காட்டி இழுத்தாள், இவள் எப்படிப் பொறுத்திருந்தாள், மூன்றாவது சீட்டில் என்ன விழுந்தது. எனக்குப் பாதி புரிந்தது. வழியில் பால் வாங்குவதற்காக டெய்ரி என்கிற மூலைக்கடை வாசலில் காரை நிறுத்தினேன். அவள் கைகளால் காற்றில் சில்லுகளை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் எஞ்சினை அணைத்தேன். மிச்சத்தைச் சொல் என்றேன்.